அவளுக்கு வாய்த்த ஜெபத் துணை

என் வயதை ஒத்தவர்களுக்கு, அதிலும் வெள்ளவத்தையின் கடற்பக்க ஒழுங்கைகளில் வளர்ந்து, ஞாயிறு பாடசாலையில் என்னோடு ஒரே வாங்கில் அமர்ந்திருந்தவர்களுக்கு, இதை எழுதுகிறேன். மற்றவர்கள் வாசித்தால் தடுக்க முடியாது. ஆனால் அவர்களுக்காக எழுதப்பட்டதன்று.

சென்ற மாதம் நமது சபையின் வாலிபர் கூட்டத்தில், தேவபக்தியுள்ள துணையைத் தெரிந்துகொள்வது பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருந்தார்கள். இத்தலைப்பு எனக்குப் புதியதன்று. கல்லூரியில் கற்பித்த காலந்தொட்டு இதே பொருளில் பேசி வருகிறேன். ஒவ்வொரு முறையும் ஒரு சிறுமியின் கதையைச் சொல்வேன். ரயில் வரும் தண்டவாளத்தில் தன்னை மறந்து நின்ற பக்தியுள்ள சிறுமி, கடைசிக் கணத்தில் காக்கப்பட்ட கதை. அவள் என் ஜெபத் துணையாக இருந்தவள் என்று முடிப்பேன். கேட்பவர்கள் நெகிழ்ந்து போவார்கள்.

சென்ற மாதக் கூட்டம் கலைந்தபின் ஒரு பெண்பிள்ளை என்னருகே வந்து நின்றாள். "அன்ரி, அவவை இழுத்து எடுத்தது ஆர்?" என்று கேட்டாள்.

"கர்த்தர்" என்றேன்.

அது பொய்யன்று. ஆனால் அந்தப் பிள்ளை கேட்டதற்கு அது விடையுமன்று. வீட்டுக்கு வந்த பிறகும் அக்கேள்வி என்னை விடவில்லை. ஆகவே, சொல்லாமல் விட்ட பகுதியை எழுதிவிடுவது என்று தீர்மானித்தேன்.

எனக்கு அப்போது பதினொரு வயது. அப்பாவுக்கு மன்னாருக்கு மாற்றம் கிடைத்திருந்தது. என் படிப்புக் குழம்பக்கூடாதென்று என்னைப் பெரியம்மாவின் வீட்டில் விட்டுச் சென்றார்கள். ஒழுங்கையின் கடைக்கோடியில் இருந்தது அந்த வீடு. இப்போது மரைன் டிரைவ் வீதி ஓடும் இடத்தில் அன்று புதர்களும் கருங்கற்களுமே இருந்தன. அவற்றை அடுத்து ரயில் பாதை, அதற்கப்பால் கடல். ரயில் கடக்கும்போதெல்லாம் கண்ணாடி அலுமாரியிலிருந்த பீங்கான் கோப்பைகள் ஒன்றோடொன்று மெல்லப் பேசிக்கொள்ளும். ஜன்னல் கம்பிகளை உப்புக்காற்று தின்றிருந்தது. விரலால் தொட்டால் சிவப்பாகத் தூள் ஒட்டும். பகல் இரண்டு மணிக்கே ஜன்னல்கள் சாத்தப்பட்டுவிடும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நிலவும் வெளிச்சம் நீருக்கடியில் இருப்பதைப் போன்றது.

பெரியம்மா கைம்பெண், பிள்ளைகள் இல்லை. புதன்கிழமைதோறும் பின்னேரம் மூன்று மணிக்கு அவரது முன்னறையில் பெண்களின் ஜெபக்குழு கூடும். எல்லோரும் வெள்ளைச் சேலையில் வருவார்கள். வீட்டின் பின்புறத்தில் இருந்த அனெக்ஸில் ஒரு சபை ஊழியரின் மனைவியும் அவர்களது ஒரே மகளும் குடியிருந்தார்கள். ஊழியர் மலையகத் தோட்டங்களில் சுவிசேஷ வேலை செய்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருபவர். பெரியம்மா அந்த அனெக்ஸுக்கு வாடகை வாங்குவதில்லை. அதனால் ஊழியரின் மனைவி, பெரியம்மா சொல்லும் எதற்கும் "ஓம் அம்மா" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லி நான் கேட்டதில்லை.

மகளுக்கு ஒன்பது வயது. மெலிந்தவள், நெற்றி அகன்றவள். நன்றாகப் படிப்பாள், என்னை அக்கா என்று அழைப்பாள். அவளிடம் ஒரு விசித்திரம் இருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே வாக்கியத்தின் நடுவில் நின்றுவிடுவாள். கண் திறந்திருக்கும், ஆனால் அதற்குள் ஒருவரும் இருக்கமாட்டார்கள். உதடுகள் எதையோ சுவைப்பதுபோல் சத்தமின்றி அசையும். வலது கை மெதுவாக எழுந்து, சட்டையின் முன்புறத்துப் பொத்தான் ஒன்றைப் பற்றித் திருகும். அவ்வளவுதான். அரை நிமிடமோ ஒரு நிமிடமோ கழித்துத் திரும்பி வருவாள். வந்ததும் சுற்றிலும் பார்த்து, "அக்கா, நான் எங்க போனனான்?" என்று என்னைக் கேட்பாள்.

ஒரு புதன்கிழமை ஜெபத்தின் நடுவில் அது நிகழ்ந்தது. பெண்கள் அனைவரும் கண்மூடியிருக்க, பெரியம்மா மட்டும் கண்திறந்து அவளைக் கண்டார். திருகிய பொத்தான் நூலறுந்து சீமெந்துத் தரையில் விழுந்து உருண்டது. அந்தச் சிறு ஓசை அறை முழுவதும் கேட்டது. பெரியம்மா குனிந்து அதை எடுத்து, சட்டையில் எஞ்சியிருந்த பொத்தான்களை விரலால் எண்ணினார். ஆறு. விழுந்ததோடு ஏழு.

வேதத்தின் கடைசிப் புத்தகத்தில் ஏழு முத்திரைகள் ஒவ்வொன்றாக உடைக்கப்படுவதை நீங்கள் அறிவீர்கள். அன்று அந்த அறையிலிருந்த எல்லோரும் அறிந்திருந்தார்கள். பெரியம்மா ஒன்றும் விளக்கவில்லை. பொத்தானைத் தமது வெள்ளைக் கைலேஞ்சியில் வைத்து நான்காக மடித்தார். "பிள்ளை முத்திரை திறக்குது. இனி அந்த நேரத்தில ஒருத்தரும் அவளைத் தொடவும் கூடாது, கூப்பிடவும் கூடாது" என்றார்.

தையற்காரர் ஒருவர் தமது விருப்பப்படி வைத்த ஏழு பொத்தான்கள் அவை. எட்டு வைத்திருந்தால் இக்கதையே இல்லை.

அன்றிலிருந்து அவளுக்கு வேறு சட்டை இல்லாமற் போயிற்று. கூட்டத்துக்கு அந்த வெளிர்நீலச் சட்டையைத்தான் அணியவேண்டும். விழுந்த பொத்தானைத் திரும்பத் தைக்கக்கூடாது. தாய் ஒருமுறை ஊசியும் நூலுமாக உட்கார்ந்ததைப் பெரியம்மா கண்டு கண்டித்தார். என்னை அச்சிறுமிக்கு ஜெபத் துணையாக நியமித்தார். பள்ளி நேரம் தவிர மற்றெல்லா நேரமும் அவளோடு இருக்கவேண்டும். அந்த நிலையில் அவள் சொல்வதைக் கறுப்பு மட்டைக் கொப்பியொன்றில் எழுதவேண்டும். நல்லவர்களோடு சேர்ந்தால்தான் நீயும் நல்லவளாவாய், இப்படி ஒரு துணை ஆயிரத்தில் ஒருத்திக்குத்தான் கிடைக்கும் என்று எனக்குச் சொல்லப்பட்டது. நான் பெருமைப்பட்டேன். அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் அவள் ஒன்றும் சொல்வதில்லை. உதடுகள் அசையும், ஓசை வராது. முதல் இரண்டு தடவையும் உண்மையைச் சொன்னேன். பெரியம்மா என்னை ஏமாற்றத்தோடு பார்த்து, கேட்கிற காது உள்ளவளென்று நினைத்தல்லவா உன்னைத் துணைக்கு வைத்தது என்றார். வேதபாடத்தில் நான் வகுப்பில் முதலாவதாக வருபவள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். தீர்க்கதரிசிகளின் நடை எனக்கு மனப்பாடம். மூன்றாம் தடவை கொப்பியில், "கடலை நோக்கிய வாசல் ஒன்று அடைபடும்" என்று எழுதினேன். பெரியம்மா அதைக் கூட்டத்தில் வாசித்தார். வாசித்து முடித்ததும் என் தலையில் கை வைத்தார். அவர் ஒருவரையும் தொட்டுப் பேசாதவர்.

அடுத்த திங்கட்கிழமை நான் பள்ளியிலிருந்து வந்தபோது எங்களுக்கு எதிர்வீடு பூட்டியிருந்தது. கடலைப் பார்த்த அதன் படலையில் சங்கிலி தொங்கியது. கொடியில் காயப்போட்ட துணிகூட எடுக்கப்படவில்லை. ஒருவருக்கும் சொல்லாமல் அந்தக் குடும்பம் போய்விட்டிருந்தது. காரணம் எதுவாகவும் இருந்திருக்கலாம். அந்நாட்களில் கொழும்பிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் சொல்லாமற் போவதற்குக் காரணங்களுக்குக் குறைவில்லை. ஆயினும் நான் ஒழுங்கையில் நின்று, காற்றில் ஆடிய அந்தச் சிறுபிள்ளைச் சட்டைகளைப் பார்த்தபோது, என் கையெழுத்தே என்னைத் திரும்பிப் பார்ப்பதுபோல் இருந்தது. அன்று முதல் எனக்கு என் பேனையைக் கண்டு பயம். பயந்துகொண்டே எழுதினேன்.

கூட்டம் பெருகியது. தெகிவளையிலிருந்தும் கல்கிசையிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். ஜன்னல் சாத்திய அறையில் முப்பது பெண்கள் மூச்சடக்கி, ஒரு ஒன்பது வயதுப் பிள்ளையின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரண்டாவது விழுந்தது, மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. சட்டை முன்புறத்தில் பிளந்து போக, தாய் உள்ளே ஒரு வெள்ளைத் துணியை வைத்துக் கட்டிவிட்டார். ஏழாவதோடு சபைக்கு என்ன வெளிப்படும் என்பதுபற்றி ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு நம்பிக்கை. ஒரு தாய், காணாமற்போன தன் மகன் இருக்கும் இடம் தெரியவருமென்று காத்திருந்தார். சிறுமிக்கோ அந்நிலை அடிக்கடி வரத் தொடங்கியது. நாளுக்கு ஒன்றாயிருந்தது நாலைந்தாயிற்று. ஒருநாள் கையிலிருந்த சுடுதேநீர் கவிழ்ந்து தொடை வெந்தது. அழவில்லை. திரும்பி வந்தபிறகுதான் அழுதாள்.

"நான் எங்க போனனான், அக்கா?"

"மேல" என்றேன்.

"அங்க என்ன இருந்தது?"

கொப்பியில் எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினேன். அவள் கவனமாகக் கேட்டுவிட்டு, தனக்கு ஒன்றும் நினைவில்லை, அங்கே இருட்டுத்தான் இருந்தது என்றாள். அதைப் பெரியம்மாவிடம் சொல்லவேண்டாம் என்று நான் சொல்லிவைத்தேன்.

என் வகுப்பில் எனக்கு ஒரு சிநேகிதி இருந்தாள். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வருபவள், கத்தோலிக்கப் பிள்ளை. கழுத்தில் மரியன்னையின் சிறு பதக்கம் அணிந்திருப்பாள். சினிமாப் பாட்டு முணுமுணுப்பாள், சத்தமாகச் சிரிப்பாள், ஆசிரியை திரும்பிய கணத்தில் அவரைப்போலவே நடந்து காட்டுவாள். ஒருநாள் பள்ளி விட்டதும் எங்கள் வீட்டுப் படலைவரை என்னோடு வந்தாள். சிறுமி வாசலில் நின்றாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே அந்நிலை வந்தது. நான் வழக்கம்போல் கொப்பியை எடுத்தேன். சிநேகிதி என் கொப்பியையும் சிறுமியின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"என்னடி எழுதுற? இது வலிப்பு. எங்கட அண்ணாவுக்கும் இப்பிடித்தான் தொடங்கினது. முழிச்சபடி நிப்பான், வாயச் சப்புவான். கவனிக்காம விட்டு ஒருநாள் கிணத்தடியில விழுந்திட்டான். டொக்டர்ட்ட காட்டச் சொல்லு."

இது வேறு, உங்கள் ஆட்களுக்கு விளங்காது என்றேன்.

"வேறதான். எங்கட அண்ணனுக்கு மருந்து குடுத்தது. இவளுக்கு நீ கொப்பி வச்சிருக்கிற" என்றாள்.

அன்று பின்னேரமே பெரியம்மாவிடம் அதைச் சொன்னேன். ஆலோசனை கேட்பதற்காகச் சொன்னேன் என்று பலகாலம் எனக்கு நானே கூறிவந்தேன். கோள் சொன்னேன் என்பதே சரி. பெரியம்மா கோபப்படவில்லை. மாதா சுருபத்துக்கு முன் முழங்காலிடும் வீட்டுப் பிள்ளையின் வாயால் இப்படித்தான் வரும், இனி அவளோடு உனக்குப் பேச்சு வேண்டாம் என்றார். நான் சிநேகிதியிடமிருந்து இரண்டு வாங்கு தள்ளி அமர்ந்தேன்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் பொத்தான் ஒன்றும் விழவில்லை. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. நான்காம் வாரம் கூட்டத்துக்கு முன் சிறுமிக்குத் தலை பின்னிவிட்ட நான், அவளுடைய ஆறாவது பொத்தானின் நூலைக் கவராயத்தின் முனையால் இரண்டு இழை அறுத்தேன். அன்று அது விழுந்தது. சில பெண்கள் அழுதார்கள்.

ஏழாவது, கழுத்தடியில் இருந்தது.

உபவாச ஜெபம் ஒன்று சனிக்கிழமை பின்னேரம் முடிந்ததும், கடலைப் பார்த்து நின்று ஜெபிக்கலாம் என்று பெரியம்மா எல்லோரையும் அழைத்துச் சென்றார். வெயில் தாழ்ந்து, கடல் ஈயத்தின் நிறத்தில் கிடந்தது. பாதிப் பேர் பாதையைக் கடந்து கற்பாறைப் பக்கம் போய்விட்டார்கள். பாதிப் பேர் இந்தப் பக்கம். நடுவில் நானும் அவளும் கைகோத்து நடந்தோம். நான் இரண்டாம் தண்டவாளத்தைத் தாண்டியபோது அவளுடைய கை என் கையிலிருந்து வழுக்கியது. திரும்பினேன். தண்டவாளங்களுக்கு நடுவில் நின்றாள். கண்கள் திறந்திருந்தன. வலது கை கழுத்தடிக்கு எழுந்துகொண்டிருந்தது.

பம்பலப்பிட்டிப் பக்கமிருந்து ரயிலின் ஊதல் கேட்டது.

ஊழியரின் மனைவி ஓரடி முன்வைத்தார். பெரியம்மா கையை உயர்த்தினார். "தொடாதேங்கோ" என்றார். உரத்துச் சொல்லவில்லை. அந்தத் தாய் நின்றுவிட்டார். இரு பக்கமும் வெள்ளைச் சேலைகள் காற்றில் படபடக்க, முப்பது பெண்களும் அசையாமல் நின்றார்கள். என் காலடியில் சரளைக்கற்கள் நடுங்கத் தொடங்கின. அவளுக்கும் எனக்கும் இடையில் இரண்டு முழத் தூரம். கை நீட்டினால் எட்டும். அந்தக் கணத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதை ஒருவருக்கும் சொன்னதில்லை. இன்றைக்கு எழுதவேண்டிய வாக்கியத்தை மனதில் அமைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுப் பக்கத்தில் நின்ற பெண்களை இடித்துக்கொண்டு யாரோ ஓடிவந்தார்கள். நான் வகுப்பில் விட்டுவந்த வேதபாடக் கொப்பியைத் தருவதற்காக, பேசாதிருந்த என்னைத் தேடி, பஸ் ஏறி வந்திருந்தாள் என் சிநேகிதி. வீட்டில் ஒருவரும் இல்லாததால் கடற்கரைக்கு வந்திருக்கிறாள். சிறுமியின் சட்டையை முன்புறத்தில் அள்ளிப் பிடித்து இழுத்தாள். இருவரும் கற்களின்மேல் விழுந்தார்கள். ரயில் எங்களுக்கிடையே புகுந்தது. பெட்டி பெட்டியாக அது கடந்து முடியும்வரை மறுபக்கத்தில் என்ன ஆயிற்றென்று எனக்குத் தெரியவில்லை.

கடந்ததும் நான் கண்ட காட்சி இது. சிறுமி முழங்கால் கிழிந்து உட்கார்ந்திருக்கிறாள். சிநேகிதி தன் பாவாடை ஓரத்தால் அவளது இரத்தத்தை ஒற்றுகிறாள். தாய் வாயைப் பொத்தியபடி நிற்கிறார். மற்ற வெள்ளைச் சேலைகள் எல்லாம் குனிந்து, ரயில் பாதை நெடுகச் சரளைக்கற்களைப் புரட்டி, தெறித்துப்போன ஏழாவது பொத்தானைத் தேடிக்கொண்டிருக்கின்றன. கற்கள் புரளும் ஓசை மட்டும் கேட்டது.

பெரியம்மா என்னிடம் வந்து, அவள் என்ன சொன்னாள் என்று கேட்டார். சிநேகிதி தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்ததில்லை. நான் கொப்பியை விரித்து, "அந்நிய கை ஒன்று முத்திரையைத் தொட்டது" என்று எழுதிக் கொடுத்தேன்.

அந்த ஒரு வரியால் சிநேகிதி எங்கள் ஒழுங்கைக்கு வரமுடியாதவளானாள். அவளுடைய தாய் வந்தார். புதன்கிழமைக் கூட்டத்தின் நடுவில் படலையைத் திறந்துகொண்டு வந்து, நின்றபடியே பேசினார். உட்காரும்படி ஒருவரும் சொல்லவில்லை. பெரியம்மாவிடம் அல்ல, ஊழியரின் மனைவியிடம்தான் பேசினார்.

"தங்கச்சி, நானும் ஒரு பிள்ளையை இப்பிடிப் பாத்துக்கொண்டு இருந்தனான். பிறகு அழுதனான். நீங்க அழ வேண்டாம். வாங்க, எனக்குத் தெரிஞ்ச டொக்டர் இருக்கிறார்."

ஊழியரின் மனைவி பெரியம்மாவைப் பார்த்தார். பிறகு, முதல் தடவையாக "ஓம் அம்மா" என்று சொல்லாமல், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்ணின் பின்னால் போனார்.

மருந்து வேலை செய்தது. இரண்டு மாதத்தில் அந்த நிலை வருவது நின்றுவிட்டது. உடனே சபையில் வேறு பேச்சுக் கிளம்பியது. ஆவி அவளைவிட்டு நீங்கிவிட்டதாம். கூடாத சேர்க்கையால் வந்த வினையாம். அனெக்ஸில் அவர்களால் இருக்க முடியவில்லை. கொட்டாஞ்சேனையில், சிநேகிதியின் வீட்டுக்கு அருகில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போனார்கள். இனி அந்தப் பிள்ளையோடும் உனக்குச் சேர்த்தி வேண்டாம் என்று பெரியம்மா எனக்குச் சொன்னார். ஆயிரத்தில் ஒருத்திக்குக் கிடைக்கும் துணை என்று அவர் சொன்னதும் இதே பிள்ளையைத்தான். நான் அதைச் சுட்டிக்காட்டவில்லை. ஓம் என்றேன்.

பெரியம்மாவை நீங்கள் குறைவாக மதிப்பிடுவதை நான் விரும்பவில்லை. அவர் நம்பினார். தாம் நம்பாத ஒன்றையும் அவர் செய்ததில்லை. அவருக்கு அந்த நம்பிக்கையை வரிவரியாக எழுதிக் கொடுத்தவள் நான்.

அந்த வருடக் கடைசியில், வேதபாடப் பரீட்சைக்காகப் புறக்கோட்டைப் பக்கத்து மண்டபம் ஒன்றுக்குப் போகவேண்டியிருந்தது. பிள்ளைகள் தனியாக பஸ்ஸில் போய்வந்த காலம். சனிக்கிழமை காலை, காலி நகருக்குப் போகும் வீதியில் பஸ் தரிப்பில் நின்றேன். தெகிவளைப் பக்கமிருந்து வந்த பஸ் ஒன்று என் முன் நின்றது. பின்வாசலை ஒட்டிய நீள இருக்கையில் சிறுமியும் சிநேகிதியும் இருந்தார்கள். அந்த டொக்டரிடம் போய்த் திரும்புகிறார்கள் போலும். மடியில் மருந்துப் போத்தல் இருந்தது. எதற்கோ இருவரும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிறுமி சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை.

என்னைக் கண்டுவிட்டாள். அந்தக் கண்களுக்குள் முழுதாக ஒரு பிள்ளை இருந்தாள். அது எனக்கு, அவை வெறுமையாய் இருந்த நாட்களைவிட அதிக அச்சத்தைத் தந்தது.

"அக்கா, வாங்கோ. மூண்டு பேர் இருக்கலாம்" என்றாள்.

சிநேகிதி என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு ஜன்னலோரமாக ஒடுங்கிக்கொண்டாள். சிறுமியும் அவள் பக்கமாக நகர, வாசல் ஓரத்தில் இடம் உண்டாயிற்று. கண்டக்டர் "நகின்ன, நகின்ன" என்று சிங்களத்தில் ஏறும்படி அவசரப்படுத்தினார். நான் சுற்றிலும் பார்த்தேன். பெரியம்மா இல்லை. சபையார் ஒருவரும் இல்லை. என்னைக் கவனிக்க அந்த வீதியில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை.

"நான் அடுத்த பஸ்ஸில வாறன்" என்றேன்.

பஸ் புறப்பட்டது. பின்கண்ணாடி வழியே இரண்டு தலைகள் தெரிந்தன. ஒன்றையொன்று நெருங்கியிருந்தன. அவற்றின் பக்கத்தில், கண்ணுக்கு எட்டும் தூரம்வரை, என் அளவுக்கு ஓர் இடம் விடப்பட்டே இருந்தது.